தியாகராஜா ஐயாவின் கேரவனைக் குளிரவைத்தவன்

என் தம்பி நல்லமுத்து வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஐந்து வயதில் டைபாய்டு காய்ச்சல். ஏழு வயதில், "இவன் தலையில் எதுவும் ஏறாது, மாடு மேய்க்க விடுங்கள்" என்று பள்ளியில் சேர்ந்த நாலாம் மாதமே தீர்ப்புச் சொன்ன ஒன்றாம் வகுப்பு வாத்தியார். பத்தொன்பது வயதில், மலேசியாவில் பிறை என்ற ஊரின் ஐஸ் ஆலையில் அமோனியாக் குழாய் விட்டுப்போன நாள். அன்று படித்தவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்து ஓடினார்கள். அடைப்பான் எங்கே இருக்கிறது என்று தெரிந்த இவன் மட்டும் உள்ளே ஓடினான். பிறகு நான் பார்த்துவைத்த மூன்று பெண்கள். நாலாவதை அவனே பார்த்துக்கொண்டான். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். நாற்பத்தேழு பக்கக் கோப்பு ஒன்று. எட்டுத் தகரத் தகடுகள்.

கடைசி மூன்றையும் ஒரே பிற்பகலில் வென்றான். அப்போது நான் பக்கத்தில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தேன். ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றை நேரில் பார்க்காதவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவருகிறார்கள்.

அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்பது. பினாங்குத் தீவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் ஷேக் அலாவுதீன் முதலாளியின் குளிர்சாதனப் பழுதுபார்க்கும் கடையில் வேலை. முதலாளி நல்ல மனிதர்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று ஒன்பது கடைகள் திருப்பி அனுப்பியவனைப் பத்தாவதாக வேலைக்கு எடுத்தவர். அவரிடம் கோலாலம்பூரில் ஆறு வாரம் பயின்று வாங்கிய சான்றிதழ் ஒன்று இருந்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து அவர் ஏணியில் ஏறியதில்லை. ஏணியில் நல்லமுத்து ஏறுவான். கீழே நின்று முதலாளி அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவார். இரண்டும் சேர்ந்ததுதான் கடை.

அதே தீவில் கெலுகோரில் தியாகராஜா ஐயா என்று ஓர் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். முப்பத்தாறு வருடம் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவர், ஓய்வுபெற்ற பிறகு வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டார். பால்காரருக்கு ஒரு கோப்பு. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கோப்பு. மனைவி செல்வநாயகி அம்மாவுக்குக் கோப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதில் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் நிறைய இருந்திருக்கும்.

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியரிடமிருந்து ஐயா ஒரு கேரவனை வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதற்கான சக்கர வீடு அது. உள்ளே கட்டில், மேசை, அடுப்பு. கூரைமேல் ஆமை குந்தியிருப்பதுபோல ஒரு குளிர்சாதனம். ஊர் சுற்றும் அந்த வாகனம் ஐயாவிடம் வந்த பிறகு மொத்தம் இருபத்தைந்து அடி பயணம் செய்திருந்தது. அதாவது வாசலிலிருந்து வீட்டின் பக்கவாட்டுவரை.

1986ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் லண்டனிலிருந்து ஐயாவின் மகன், வெள்ளைக்கார மருமகள், எட்டு மாதக் குழந்தை மூவரும் வருவதாக இருந்தது. குழந்தைக்கு வெக்கை ஆகாது என்று மகன் எழுதியிருந்தார். வீட்டில் குளிர்சாதனம் இல்லை. கேரவனில் இருந்தது. மூவரும் கேரவனில் தங்கலாம் என்று ஐயா முடிவெடுத்து, கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தில் அந்த முடிவை எழுதினார். சிக்கல் ஒன்றே ஒன்று. காலையில் அது பினாங்கு மலை உச்சிபோல் குளிர்ந்தது. பதினொரு மணிக்குமேல் முனகியது. பன்னிரண்டரைக்கு நின்றுபோனது. வெயில் இல்லாத நேரத்தில் மட்டும் குளிரூட்டும் சாதனம்.

மார்ச் மூன்றாம் தேதி முதலாளி நல்லமுத்துவோடு போனார். ரம்புத்தான் மரத்தடியில் நின்றபடியே நோயைக் கண்டுபிடித்தார்.

"கேஸ் கொறவு" என்றார். குளிரூட்டும் வாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அறிக்கையில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நல்லமுத்து மேலே ஏறி மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே குழாய் நன்றாக வேர்த்திருந்தது. கேஸ் குறைந்த குழாய் அப்படி வேர்க்காது. தகடுகளில் ஒட்டிய தூசியைக் கழுவினான், வளைந்தவற்றைச் சீப்பால் நிமிர்த்தினான், உள்ளே இருந்த வடிகட்டியை அலசிப் போட்டான். மறுநாள் நண்பகலில் மறுபடி நின்றது.

எட்டாம் தேதி இரண்டாவது முறை. கேரவனுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்டான். சமையலறைச் சன்னல் வழியாக, மேசை விளக்குக்குப் போடும் மெல்லிய வயர் அறுபதடி ஓடியிருந்தது. தொட்டால் சுட்டது. அதை எடுத்துவிட்டு மீட்டர் பெட்டியிலிருந்து தடித்த வயர் இழுத்தான். முனகல் நின்றது. குளிர் பகல் ஒரு மணிவரை நீண்டது. முதலாளியின் இரண்டாம் அறிக்கை: கேஸ் குறைவு, உறுதி செய்யப்பட்டது.

பதினேழாம் தேதி மூன்றாம் முறை. "ஓட்ட போட்டுக் கேஸ் அடிச்சிரு லா" என்றார் முதலாளி. நல்லமுத்து மாட்டேன் என்றான். கேஸ் போதுமான அளவு இருக்கும் இயந்திரத்தில் இன்னும் அடைத்தால் வெயிலில் அதன் கம்ப்ரஸர் அடியோடு போய்விடும்.

"அது ஏற்கெனவே மூச்சு முட்டிக்கிட்டு கெடக்கு, மொதலாளி. வாயில இன்னும் சோத்த அடைக்கச் சொல்றீங்களே."

முதலாளியின் மூன்றாம் அறிக்கை: கேஸ் குறைவு, பணியாளர் நிரப்ப மறுக்கிறார்.

அந்த அறிக்கை கிடைத்ததும் தியாகராஜா ஐயா முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார். இரண்டு வீதி தள்ளி இருக்கும் அஞ்சலகத்துக்கு அவரே நடந்துபோய். முதலாளி அதைப் படித்துவிட்டு நல்லமுத்துவைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம இருவத்திநாலுக்குள்ள அது குளிரணும். இல்லாட்டி நீ வேற எடம் பாத்துக்க. பதினோராவது கடைய நான் சொல்ல மாட்டேன்."

வேலை போவது ஒரு பக்கம். கேஸ் குறைவு என்றும் அதை நிரப்ப மறுத்தவன் நல்லமுத்து என்றும் மூன்று கையெழுத்தோடு எழுத்தில் இருந்தது. அதை மறுத்து அவனால் ஒரு வரிகூட எழுத முடியாது. வெளிநாடு போகக் கடப்பிதழ் வேண்டாம் என்று அவன் இருந்ததற்கும், வங்கிப் பக்கம் போகாததற்கும், சம்பளச் சீட்டில் கட்டைவிரலை அமுக்கிவிட்டு விரலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டதற்கும் காரணம் அதுதான். நான் மூன்று முறை அவனுக்கு எழுத்துச் சொல்லித்தரப் பார்த்திருக்கிறேன்: 1965, 1971, 1978. மூன்றாம் முறை பலகையை அவன் உடைக்கவில்லை, அழகாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனான். முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, அந்த ஐயா ஒரு பொஸ்தகத்துல தெனம் என்னமோ எழுதி வச்சிருக்காரு. எனக்கு அத யாராவது படிச்சுச் சொல்லணும். வர்றியா?"

பிறையில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான்களைச் சரிபார்ப்பது என் வேலை. சனிக்கிழமை அரை நாள். தீவுக்குப் படகேறி, பேருந்து பிடித்து, பன்னிரண்டே முக்காலுக்குக் கெலுகோர் போய்ச் சேர்ந்தேன்.

கேரவனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உண்மையில் முதலில் கேரவன் தெரியவில்லை. கேரவன் வந்ததுமே ஐயா அதைச் சுற்றிக் கட்டிய கொட்டகைதான் தெரிந்தது. வெயில் படாமல் இருக்க அவரே கணக்குப் போட்டுக் கட்டுவித்தது. நல்ல நாள் பார்த்து, ஐயரை அழைத்துத் தேங்காய் உடைத்துத் திறந்தாராம். மேலே எட்டுத் தகரத் தகடுகள். மூன்று பக்கமும் தரைவரை படங்கு, அதாவது தார்ப்பாய். கூரைமேல் இருந்த ஆமைக்கும் தகரத்துக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. இவ்வளவு மரியாதையோடு யாரும் எதையும் மூச்சடைக்க வைத்து நான் கண்டதில்லை.

முதலாளி மேற்பார்வைக்கு வந்திருந்தார். ரம்புத்தான் மரத்தடி நாற்காலியில் மேற்பார்வை நடந்துகொண்டிருந்தது.

நல்லமுத்து கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்தான். ஆற்றில் முங்கி எழுந்தவன்போல் சட்டை நனைந்திருந்தது. "ஐயா, இந்தக் கொட்டாய்தான் ரோசாக், கோளாறு இதுலதான். ஏர்கோன் நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற சூட்ட எடுத்து வெளிய தள்ளுறதுதான் அதோட வேல. தள்ளுன சூடு போறதுக்கு எடம் இல்ல. திரும்ப அதையே இழுக்குது."

"தம்பி, நிழலிலை நிண்டால் சூடு கூடுமோ, குறையுமோ?" என்று ஐயா கேட்டார்.

"குறையும்."

"அப்ப நான் குடுத்தது நிழல்."

"நெழல் மனுசனுக்கு, ஐயா. இதுக்குக் காத்து வேணும்."

அவன் செல்வநாயகி அம்மாவிடம் சுவாமி அறையிலிருந்து ஓர் ஊதுபத்தி வாங்கினான். ஏணியில் ஏறி, குளிர்சாதனம் சூட்டை வெளியே தள்ளும் பக்கம் அதைப் பிடித்தான். புகை வெளியே போனது. தகரத்தில் முட்டியது. படங்குவரை போய்த் தடுமாறியது. பிறகு வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைபோல் வளைந்து வந்து அதே இயந்திரத்தின் வாய்க்குள் நுழைந்தது.

"புகை எங்கையும் போகும்" என்றார் ஐயா. "எனக்கு ஆதாரம் வேணும்."

அப்போதுதான் நான் கோப்பைக் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு கொடுத்தார். அதைப் படிக்க வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை போலும். பன்னிரண்டாம் பக்கம் முதல், கேரவனுக்குள் தொங்கிய வெப்பமானியை மணிக்கொருமுறை பார்த்து எழுதிய அளவுகள். நான் பொத்தான் பார்க்கும் கண்ணோடு வரிவரியாக வாசித்தேன். நல்லமுத்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிற்பகல் இரண்டு மணிக்கு முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. முப்பத்துமூன்று. மார்ச் பதினொன்று, செவ்வாய், இரண்டு மணிக்கு இருபத்தைந்து. மறுநாள் முப்பத்துநான்கு.

"நிறுத்து" என்றான் தம்பி.

இருபத்தைந்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: நம்பத்தகாத அளவீடு.

"அந்தச் செவ்வாக்கெழம இங்க என்ன நடந்துச்சு?"

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார் ஐயா. "நடந்திருந்தால் எழுதியிருப்பன்."

செல்வநாயகி அம்மா முந்தானையை விரலில் சுற்றினார். "நான் ஒரு அலுவல் செய்தனான். படங்கு மூண்டையும் கழட்டி முத்தத்திலை விரிச்சு மோர்மிளகாய் காயப்போட்டனான். நாலு மணிக்குத் திரும்பக் கட்டிப்போட்டன்."

"என்னைக் கேளாமலோ?"

"கேட்டால் நீங்கள் எழுத்திலை கேட்பியள். மிளகாய் அழுகிப்போகும்."

மரத்தடியில் முதலாளி சிரித்த சிரிப்பில் நாற்காலி கிரீச்சிட்டது.

ஐயா கோப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தார். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் தன் கையால் எழுதியதை அவர் மறுத்ததில்லை. சிவப்பு மையை நீல மையால் அடித்தார். "சரி" என்றார். "படங்கையும் கழட்டலாம், ஏர்கோனுக்கு மேலை உள்ள தகரத்தையும் எடுக்கலாம். ஆனால் கோப்பிலை மூண்டு அறிக்கை கேஸ் எண்டு சொல்லுது. மூண்டிலையும் கையெழுத்து இருக்கு. அதுக்கு மாறாய் நடக்க எனக்கு நாலாவது வேணும். எழுத்திலை தாருங்கோ."

எல்லாரும் மரத்தடியைப் பார்த்தோம்.

"நானா?" என்றார் முதலாளி. "மூணு தடவ கேஸ்னு எழுதிட்டு இப்ப கொட்டாய்னு எழுதுனா என் சர்ட்டிபிகேட்ட எங்க கொண்டுபோய் மாட்டுறது? கண்டுபுடிச்சவன் போடட்டும் லா."

நல்லமுத்து சொல்லச் சொல்ல நான் தமிழில் அறிக்கையை எழுதினேன். எட்டு வரி. கார்பன் தாள் வைத்து ஒரு நகலும் எடுத்தேன். கடைசி வரி அவன் சொன்னபடியே: இதைச் செய்தும் குளிராவிட்டால் பிழை என்னுடையது. பிறகு கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டான்.

ஐயாவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "தம்பி, கைநாட்டுக்கு இரண்டு சாட்சி கையெழுத்து வேணும். அதுதான் முறை."

"நான் போடுறன்" என்றார் செல்வநாயகி அம்மா.

"நீர் வீட்டுக்காரி. செல்லாது."

"நான்?" என்றேன்.

"உடன்பிறந்தவள். செல்லாது."

முதலாளி நாற்காலியை ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இப்படியாக உலகத்தில் ஓர் இயந்திரம் ஏன் குளிரவில்லை என்று ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. அது குளிர முடியாததற்கு அப்போது இருந்த ஒரே காரணம் ஒரு மனிதனின் கட்டைவிரல். நேரம் இரண்டு இருபது. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

நல்லமுத்து விரலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது. பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போன அன்றும் அப்படித்தான் சிவந்தது. இன்று ஏணியைச் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விடுவான் என்றே நினைத்தேன்.

"அக்கா" என்றான். "சாக்குக்கட்டி எடு. தரையில எம்பேர பெருசா எழுது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு மொழம்."

கொட்டகையின் சிமெண்டுத் தரையில் எழுதினேன். ஆறு எழுத்து. அவன் அதைச் சுற்றி நடந்தான். பல மாடிக் கட்டடத்தில் குழாய் எந்தச் சுவரில் நுழைந்து எந்தச் சுவரில் வெளிவருகிறது என்று பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"இது எங்க ஆரம்பிக்குது?"

காட்டினேன்.

"எங்க முடியுது? நடுவுல எத்தன வளைவு? எது மொதல்ல, எது பின்ன?"

எழுத்தைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வாத்தியாரும் சொல்லித்தந்ததில்லை. பையிலிருந்து மெல்லிய செப்புக் குழாய்த் துண்டுகளை எடுத்தான். பழைய குளிர்சாதனங்களிலிருந்து கழற்றிச் சேர்த்துவைத்தவை. உட்கார்ந்து கட்டைவிரலால் வளைக்க ஆரம்பித்தான். அந்தக் கட்டைவிரல்தான். ஒரு வளைவு, ஒரு நேர், மறுபடி வளைவு. ஒரு ந. அதன் பிறகு ல் வந்தது. புள்ளியை எதில் செய்வது என்று யோசித்து ஓர் ஆணித்தலையை வைத்தான். இரண்டாவது ல சீக்கிரம் வந்தது, "ஏற்கெனவே செஞ்ச பைப்புதானே" என்றான். து கொஞ்சம் முரண்டு பிடித்தது. அந்த எழுத்தை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றுதான்.

ஆறும் செப்பில் தரையில் கிடந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டினான், ஐந்தாறு தடவை. பிறகு ஒரு பழைய செய்தித்தாளில் எழுதிப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நாலாம் தோல்வியாகியிருக்கும்.

"என்னப்பா, மொளகா காயப்போட்டிருக்கியா?" என்று முதலாளி மரத்தடியிலிருந்து கத்தினார்.

"ஆமா, மொதலாளி. காஞ்சதும் உங்களுக்கும் ரெண்டு தர்றேன்."

செய்தித்தாள் நிறைந்தபோது அறிக்கையைக் கார்பன் தாளோடு எடுத்துவரச் சொன்னான். பேனாவைத் திருப்புளிபோல் பிடித்தான். எழுதினான். தாளை அழுத்திய அழுத்தில் மேசை விரிப்பிலும் பெயர் பதிந்தது. ஐயா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பெயர் விளங்குது" என்றார். "எங்கடை கந்தோர்ப் பெரிய அதிகாரி இருபது வருசம் போட்ட கையெழுத்து இன்னும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை." கோப்பில் நாற்பத்தெட்டாம் பக்கம் என்று எண் போட்டு, துளையிட்டு, கோத்தார். "மேல்நடவடிக்கை எடுக்கலாம்."

மேல்நடவடிக்கை அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தது. படங்கு மூன்றும் கீழே விழுந்தன. குளிர்சாதனத்துக்கு நேர்மேலே இருந்த நான்கு தகடுகள் இறங்கின. மற்ற நான்கும் சுற்றி நிழல் தந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவைத்தான். அவன் பழி வாங்குகிறவன் அல்ல. வெயில் அப்படியே கொளுத்திக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஐயா உள்ளே போய்ப் பார்த்துவந்து இருபத்தேழு என்று எழுதினார். ஐந்து மணிக்கு இருபத்துநான்கு. செல்வநாயகி அம்மா வெளியே வந்து ஒரு சால்வை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். ஏழு மணிவரை அவரை யாராலும் வெளியே கொண்டுவர முடியவில்லை.

முதலாளி வேனில் ஏறியவர், கண்ணாடியை இறக்கி, "திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துரு. லேட்டா வந்துட்டு எழுதிக்கிட்டு இருந்தேன்னு சொல்லாத லா" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அறிக்கைகளில் கேஸ் குறைவு குறைந்தது. ஏணியில் ஏறியவனே கையெழுத்தும் போட ஆரம்பித்தான்.

இருபத்தேழாம் தேதி லண்டன் குடும்பம் வந்து சேர்ந்தது. குழந்தை கேரவனில் நன்றாகத் தூங்கியது. மருமகள் மட்டும் மறுநாள் காலையில் உள்ளே மிகவும் குளிர்கிறது என்று புகார் சொன்னாராம். ஐயா அதை எழுத்தில் கேட்டாராம்.

செப்பு எழுத்துகளை நல்லமுத்து கொட்டகைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்தான். மறுநாளே வேறு எதற்கோ குழாய் தேவைப்பட்டு, போய் எடுத்து நிமிர்த்திவிட்டான். அவனுக்கு அவ்வளவுதான். கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. எட்டு வரி என் கையெழுத்து. அதன் கீழே, கொஞ்சம் மேல்நோக்கி ஏறிப் போகிற ஆறு எழுத்து, இரண்டு அழுத்தமான புள்ளிகளோடு, அவனுடையது. எண்கள் அவனுக்கு அளவுநாடாவிலிருந்தே தெரியும் என்பதால் தேதியையும் அவனே போட்டான்: 22.3.1986.